இன்றைக்குப் படம் உண்டா?

நுங்கம்பாக்கத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு குறுக்குத் தெரு. பெயர்ப் பலகை சுவரின் நிறத்திலேயே இருந்ததால் இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த காவலாளி எழுந்து, "யாரைப் பார்க்கணும் சார்?" என்றார். "படம் பார்க்கணும்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். படம் என்றால் இந்த ஊரில் சினிமா. பிறகு புரிந்துகொண்டு உள்ளே போய்ச் சொன்னார். ஓர் இளம்பெண் வந்து விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டார். எனக்காக ஏசியும் ஓட ஆரம்பித்தது. சனிக்கிழமை மாலை நாலரை மணி. சுவரில் பதினெட்டு ஓவியங்கள், எதிரே நான் ஒருவன். தலைப்பு, ஓவியரின் குறிப்பு, விலைப்பட்டியல் எல்லாம் ஆங்கிலத்தில். வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டில் எனக்கு முன் எழுதியவர் மூன்று நாட்களுக்கு முன் வந்திருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆள் இல்லாத கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் தனியாக உட்கார்ந்தவன் போல நின்றேன்.

இந்த வெறுமைக்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. தமிழனுக்குக் காது உண்டு, கண் கிடையாது. பாட்டுக்குக் கூடுவான், ஓவியத்துக்கு வரமாட்டான். ஓவியர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன், கேலரிக்காரர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போதும் யாராவது ஒருவர் சொல்வார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சென்னையில் ஓவியம் எங்கே பிறந்தது, எங்கே தொங்கவிடப்பட்டது, அதைப் பற்றி எந்த மொழியில் பேசினார்கள் என்று ஒரு நூற்றெழுபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் கண்ணின் மீது குற்றம் சொல்லத் தோன்றாது.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் பிராட்வேயில் தன் சொந்த முயற்சியில் ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு அதோடு தொழிற்பயிற்சியும் சேர்ந்தது. சீக்கிரமே அரசு எடுத்துக்கொண்டது. இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் செங்கல் சிவப்பாக நிற்கும் அரசு கவின் கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். அங்கே ஓவியத்துக்குப் பக்கத்திலேயே மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை எல்லாம் நடந்தன. சீமைக்கு அனுப்பி விற்கத் தகுந்த நேர்த்தியான பொருள் செய்யும் கைகளை உருவாக்குவதே அரசின் கணக்கு. 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இந்தப் பள்ளியில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். நம் பாட்டிமார் சோறு வடித்த அலுமினியக் குண்டானுக்கு ஓர் ஓவியப் பள்ளி பிறந்த வீடு என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் செய்தி.

ஆக, மதராஸில் கண்காட்சி என்ற சொல்லே சரக்கோடு ஒட்டிப் பிறந்தது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்ட சிவப்புக்கல் மாளிகை, விக்டோரியா நினைவு மண்டபம், கைவினைப் பொருட்களைக் காட்சிக்கு வைக்கக் கட்டியதுதான். அதுவே 1951-இல் தேசிய கலைக்கூடமாகியது. இன்றும் ஊரில் யாரிடமாவது எக்ஸிபிஷன் போனேன் என்று சொன்னால், தீவுத்திடலில் ராட்டினம் ஏறி, தட்டு அகலத்துக்கு டெல்லி அப்பளம் தின்றுவிட்டு வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அது ஒன்றும் தப்பான புரிதல் இல்லை. வரலாற்றுக்கு அதுவே நெருக்கம்.

பார்க்கத் தெரியாதவர்களா இந்த ஊர் மக்கள்? அந்த எழும்பூர் வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு மதராஸ் மக்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். அங்கேயே தொடங்கிப் பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறிய மிருகக்காட்சி சாலை, உயிர் காலேஜ். அருங்காட்சியகம் முதலில் கல்லூரிச் சாலையில், கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்ததால் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். காரணம் எதுவானாலும், ஒரு நிறுவனத்துக்குத் தானே ஒரு பெயர் சூட்டி அழைக்கிற மக்கள் அதை அந்நியமாக நினைக்கவில்லை என்று அர்த்தம். காணும் பொங்கலன்று அந்த வளாகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நின்று, இது எதைத் தின்றிருக்கும், எத்தனை ஆள் உள்ளே போவான் என்று மாமனும் மச்சானும் அடித்துக்கொள்வார்கள். செங்கல்பட்டிலிருந்து வந்த குடும்பம் பக்கத்தில் நிற்கும் திருவள்ளூர்க் குடும்பத்துக்கு விளக்கம் சொல்லும். அந்த இரைச்சலை நான் ரசனை என்றுதான் சொல்வேன்.

இதே மக்களின் வீட்டுச் சுவர்களுக்கு ஓவியம் எப்போதோ போய்விட்டது. 1870-களில் மதராஸ் கண்காட்சிகளில் பரிசு வாங்கிப் பெயர் பெற்ற ரவி வர்மா, பிறகு பம்பாய்ப் பக்கம் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுவீடாக அனுப்பினார். மதராஸ் பள்ளியில் படித்த கொண்டைய ராஜு சாமியாராகப் போய், நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் உட்கார்ந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி காலண்டர்களில் ஏறித் தமிழ்நாட்டின் மளிகைக் கடை, சலூன், பூஜை அறை எல்லாவற்றிலும் குடியேறினார்கள். அதே பள்ளியில் பயின்ற சில்பி, கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களுக்கு எதிரே நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்தவை ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று வந்தன. பத்திரிகையிலிருந்து அந்தப் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக 1929-இல் வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறையைப் புரட்டும் அந்த நால்வருக்கு டிக்கெட்டும் இல்லை, காவலாளியும் இல்லை. மே தினத்தில் சிவப்புக்கொடியோடு வருகிறவரும், ராத்திரி சுண்டல் விற்கிறவரும், பஸ் கண்டக்டரும் அதன் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளைக் கடப்பதில்லை. செய்தவர் பெயர் பலருக்குத் தெரியாது. போகட்டும்.

பள்ளியிலிருந்து கிளம்பிய இன்னொரு பாதைதான் நம்மை அந்த நுங்கம்பாக்கத்து கேட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறது.

1944-இல் கே.சி.எஸ். பணிக்கரும் நண்பர்களும் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார்கள். 1957-இல் பணிக்கர் பள்ளியின் தலைவரானார். மேற்கத்திய நவீனத்தின் நகலாகாமல், பழைய சுவடிகளின் நகலாகவும் ஆகாமல் இங்கிருந்தே ஒரு கோடு பிறக்க வேண்டும் என்று அவர் மாணவர்களை உசுப்பினார். தனபால், சந்தானராஜ், முனுசாமி, ஜானகிராம், ஆதிமூலம், பாஸ்கரன் என்று ஒரு படையே அந்த வளாகத்திலிருந்து வந்தது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பார்த்தால் ஜாதகக் கட்டம் போல ஒன்று இருக்கும். சூத்திரம் போல ஒன்று. எழுத்து போலத் தோன்றி, கூர்ந்து படிக்கப் போனால் நழுவிவிடும் வரிகள். ஜாதகக் கட்டத்தைப் பார்த்ததும் விரல் நீட்டி லக்னம் தேடுகிறவர்கள் நிறைந்த நாடு இது. அந்தப் படத்தின் முன் நின்று திகைக்கவும் சிரிக்கவும் சண்டை போடவும் மிகவும் தகுதி உள்ளவர்கள் அவர்கள்தான். படங்கள் மாட்டப்பட்ட கூடத்தில் அவர்கள் இல்லை.

கூடம் எங்கே இருந்தது என்பதில்தான் விஷயம். 1950-களிலும் 60-களிலும் நவீன ஓவியத்துக்குக் காசு கொடுக்கக்கூடியவர்கள் ஊரில் சொற்பம். வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள், கம்பெனி நிர்வாகிகள், சுற்றுலாப் பயணிகள். வாங்குகிறவன் இருக்குமிடத்துக்குப் படம் போனது. ஹோட்டல் வரவேற்பறைக்கும், வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்களின் கூடங்களுக்கும். நகரின் பழைய தனியார் கேலரிகளில் ஒன்றான சரளா 1965-இல் தொடங்கியது. இடம் கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாக்ஸ் முல்லர் பவனும் அலியான்ஸ் பிரான்சேஸும் இல்லையென்றால் பல இளம் ஓவியர்கள் தங்கள் படங்களைச் சுவரில் மாட்டியே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வாசல்களில் ஒரு சராசரி மதராஸ்காரன் செருப்பை எங்கே விடுவது என்று தயங்கினான். கன்னிமரா என்ற ஒரே ஆளுநரின் பெயரை இந்த ஊரில் ஒரு நூலகமும் ஒரு ஹோட்டலும் தாங்கி நிற்கின்றன. நூலகத்துக்குள் லுங்கியோடு போய்ப் பேப்பர் படிக்கலாம். ஓவியம் தொங்கியது ஹோட்டலில்.

விற்பனையால் வாழ முடியாது என்பது பணிக்கருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஓவியர்கள் பாடிக் துணி செய்து விற்ற காசைச் சேர்த்து, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரை மணலில் நிலம் வாங்கி சோழமண்டலம் கிராமத்தை எழுப்பினார்கள். அரசு மானியத்துக்குக் காத்திராமல், கைத்தொழிலால் ஓவியத்துக்குச் சோறு போட்ட ஏற்பாடு அது. ஹண்டர் கனவு கண்ட கைத்தொழில், அவர் நினைத்தே பார்க்காத ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது.

அந்த மணலில் வாழ்ந்த கே. ராமானுஜத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேச்சு சரளமாக வராதவர். உலகம் அவரைக் கிறுக்கன் என்றது. கருப்பு மையில் அவர் எழுப்பிய கனவு நகரங்களில் மாடத்தின் மேல் மாடம், பாம்பு சுற்றிய தூண், பறக்கிற பெண்கள். இவற்றுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதன், அதாவது அவரே, தன் அரண்மனைக்கு விருந்தாளியாக வந்தவன் மாதிரி நிற்பான். சின்ன வயதில் பாட்டி சொன்ன ஏழு கடல் ஏழு மலைக் கதை இவர் கையில் படமாகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். ஒரு பெரிய சுவரோவியத்தை அவர் கன்னிமரா ஹோட்டலுக்காக வரைந்தார். 1973-இல், முப்பத்தைந்து வயதைத் தொடுவதற்குள், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருடைய அசல் படத்தைப் பார்த்த தமிழர்கள் மிகக் குறைவு. ஆனாலும் அவரைத் தெரிந்த தமிழ் வாசகர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சி. மோகன் அவரை வைத்து 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்று நாவல் எழுதினார். அதற்கு முன்பே கட்டுரைகள் வந்திருந்தன. கூடம் செய்யாத அறிமுகத்தைத் தாள் செய்தது.

ஆதிமூலம் இன்னும் தெளிவான சாட்சி. துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர். பல ஆண்டுகள் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் போட்ட காந்திக் கோட்டோவியங்கள் வரிசையில், கிழவரின் எலும்பும் பிடிவாதமும் சில கீறல்களில் வந்துவிடும். சிற்றிதழ்களின் அட்டைக்கும், கவிதைத் தொகுப்புகளின் முகப்புக்கும், தலைப்பெழுத்துக்கும் அவர் கை வேலை செய்தது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது, அதோடு வந்த ஆதிமூலத்தின் கோடுகளை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்! சம்சாரியின் முழங்கால் முட்டி, வேலிமரத்தின் முள், ஆட்டின் கழுத்து. எவரும் "எனக்கு நவீன ஓவியம் புரியாது" என்று பக்கத்தைத் திருப்பவில்லை. பத்திரிகை படிக்கிறோம் என்ற நினைப்பில் நவீன ஓவியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆளின் எண்ணெய் வண்ண ஓவியம், பெரிய நிறப்பரப்புகளாக ஒரு வெள்ளைச் சுவரில் தொங்கியபோது, அதே வாசகர் வாசலில் நின்றுவிட்டார்.

சங்கீதத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மியூசிக் அகாதமி 1928-இல் தொடங்கியது. சபாக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டும். ராகம் தெரியாதவனுக்கு அங்கேயும் கூச்சம் உண்டு. சாதி, வர்க்க வாசல்களும் உண்டு, அவை சின்னவையும் அல்ல. இருந்தும் நகரத்துக்கு டிசம்பர் ஒரு பழக்கமாகியது. ஏனென்றால் அதைப் பற்றி ஓயாமல் தமிழில் பேசினார்கள். 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பத்தி, கச்சேரிக்கே போகாதவனுக்கும் யார் நன்றாகப் பாடினார், யார் சொதப்பினார் என்று அபிப்பிராயம் வைத்துக்கொள்ளும் தைரியத்தைக் கொடுத்தது. கேலியும் கோபமுமாக அவர் எழுதியதைப் படித்தவன், அடுத்த கச்சேரிக்குப் போய் "இவர் சொன்னது சரியா, பார்த்துவிடலாம்" என்று உட்கார்ந்தான். மிச்சத்தை சபா கேன்டீன் பார்த்துக்கொண்டது. அடையும் அவியலும் தின்றுகொண்டே தோடியைப் பற்றி அடித்துக்கொள்ள ஓர் இடம்.

ஓவியத்துக்கு அப்படி வாராவாரம் வம்பளக்கிற ஒரு கர்நாடகம் வாய்க்கவில்லை. கலை விமர்சகர் இந்திரன் எழுதினார், சி. மோகன் எழுதினார், சிற்றிதழ்கள் தம்மால் ஆனதைச் செய்தன. ஆனால் லட்சக்கணக்கில் விற்கும் தமிழ்ப் பத்திரிகையில், இந்த வாரம் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் வைத்திருக்கிற படங்கள் மகா மட்டம், போகாதீர்கள் என்று எழுதக்கூடிய ஆள் இல்லை. திட்டுகிறவன் இல்லாத கலைக்குக் கூட்டம் சேராது. கேலரிகளோ ஒரு மௌனத்தை இறக்குமதி செய்துகொண்டன. வெள்ளைச் சுவர், தாழ்ந்த குரல், கைகட்டி நிற்றல். திறப்பு விழா அன்று மட்டும் குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், சமோசா, காபி. ஒருவரையொருவர் ஏற்கெனவே தெரிந்த அறுபது பேர். மறுநாளிலிருந்து காவலாளியும் படங்களும்.

பிறகு ஒரு காலம் வந்தது. 2005-இல் ஓவியர் தையப் மேத்தாவின் 'மகிஷாசுரன்' நியூயார்க் ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியதும், ஓவியம் பத்திரிகைகளின் வணிகப் பக்கத்துக்கு இடம் மாறியது. சென்னையிலும் புதிய கேலரிகள் முளைத்தன. விற்றுப்போன படத்தின் கீழே ஒட்டும் சிவப்புப் பொட்டுக்கு மதிப்பு ஏறியது. 2008-இன் பொருளாதார வீழ்ச்சியில் பல பொட்டுகள் உதிர்ந்தன. அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஆர்வம் இல்லை. அதைவிட வருத்தம் தருவது, விக்டோரியா மண்டபத்து தேசிய கலைக்கூடம் கட்டடம் பாதுகாப்பில்லை என்று 2002-இல் மூடப்பட்டு, சீரமைப்புப் பேச்சிலேயே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்ததுதான். ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சிவப்புக்கல் முகப்பை வெளியிலிருந்து மட்டும் பார்த்து வளர்ந்தார்கள்.

பக்கத்தில் கேரளத்தில் 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைவிழா தொடங்கியது. தொடங்கும் முன்பே மலையாளப் பத்திரிகைகளில் சண்டை. பணம் எங்கே போனது, இது யாருக்கான கலை, உள்ளூர் ஓவியர்களை ஏன் ஒதுக்கினார்கள் என்று அடிதடி. நல்லதாகப் போயிற்று. அந்தச் சண்டையைப் படித்தவர்கள், என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, பினாலே நடந்த ஆஸ்பின்வால் கிடங்குக்குள் குடும்பத்தோடு நுழைந்தார்கள். அடுத்தடுத்த பினாலேக்களில் லட்சக்கணக்கானோர் வந்தார்கள். அங்கே ஒரு கயிற்றுக் குவியலின் முன்னால் நின்று, "இது கலை என்றால் எங்கள் படகில் இருப்பது என்ன?" என்று ஒருவர் உரக்கக் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அருமையான கேள்வி. நாற்பது பக்க ஆங்கிலக் கையேட்டில் அது இல்லை.

சென்னையிலும் கதவு அங்கங்கே திறக்கிறது. 2016-இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பினாலே, ரயில் நிலையம் போன்ற பொது இடங்களுக்குப் படங்களைக் கொண்டுபோனது. 2019-இல் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் மண்டபத்துக்கு. 2020 வாக்கில் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்கள் ஓவியங்களாயின. நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களின் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பதைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. ஆனால் அங்கே ஒரு பாட்டி, சுவரில் இருந்த முகத்தின் மூக்கு சரியில்லை என்று சொன்னாள். மூக்கு உண்மையிலேயே சரியில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் கேலரியில் ஒரு மணி நேரம் இருந்தேன். பெரும்பாலான படங்கள் எனக்கு ஒட்டவில்லை. மழைக்கு முந்திய வானம் போன்ற நீலத்தில் ஒன்று மட்டும் கிளம்பவிடாமல் பிடித்துவைத்தது. அதன் முன்னால் நின்று, இது நன்றாக இருக்கிறதா, வெறுமனே நீலமாக இருக்கிறதா என்று யாரிடமாவது கேட்கத் தோன்றியது. அந்தப் பெண் கணினியில் மும்முரமாக இருந்தார். வெளியே வரும்போது காவலாளியிடம் கேட்டேன். "நீலமா? அது சாயங்காலத்துல பார்க்கக் கூடாது சார். பதினொரு மணிக்கு ஜன்னல் வெளிச்சம் விழும், அப்போ பாருங்க. எதிர்ல இருக்கிற பச்சை எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும்." இரண்டு வாரமாக அந்தப் பதினெட்டுப் படங்களையும் தினம் பார்க்கிற ஒரே மனிதர் அவர்.

பதினொரு மணி வெளிச்சத்துக்காக மறுபடி போக நினைத்தேன்; நாள் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் நேரம் வாய்த்தது காணும் பொங்கலன்று. எழும்பூரில் இறங்கியபோதே பாந்தியன் சாலை நிரம்பி வழிந்தது. புளியோதரை மூட்டை, தோளில் குழந்தை, கையில் பலூன். அந்தக் கூட்டத்தைப் பிளந்து ஆட்டோ பிடித்து நுங்கம்பாக்கம் வந்து சேர்ந்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. கேட்டில் பூட்டு. காவலாளி அதே நாற்காலியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. சக்கையைத் துப்பிவிட்டு, தியேட்டர் வாசலில் நிற்பவர் மாதிரி, "இன்னிக்குப் படம் இல்ல சார்" என்றார்.